மாமாவோட சிசிடிவியும் இன்னும் வராத ஏழாயிரத்து இருநூறும்

முதல்லயே சொல்லிடறேன், நான் ஆடிட்டர் இல்லை. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சிட்டு சென்னையில பொட்டி தட்டுறவன். வரி பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சம்பள சிலிப்புல பிடிச்சது போக மிச்சம் எவ்வளவுங்கறது மட்டும்தான். ஆனா நாலு மாசமா ஒவ்வொரு மாசமும் 14-ம் தேதி ராத்திரி நான் ஜிஎஸ்டி தளத்துக்குள்ள போய் உட்கார்ந்திருக்கேன். காரணம் என் தாய்மாமா.

ஊரு ஏர்வாடி. திருநெல்வேலி ஏர்வாடி இல்லை மக்களே, ராமநாதபுரம் ஏர்வாடி, தர்கா ஏர்வாடி. இந்த விளக்கம் சும்மா இல்லை. கூரியர்காரங்க பாதிப் பேருக்கு ரெண்டு ஏர்வாடி இருக்கறதே தெரியாது. பின்கோடுல ஒரு எண் மாறினா நம்ம பார்சல் நெல்லைக்குப் போய் அல்வா சாப்பிட்டுட்டுதான் திரும்பும்.

மாமாவுக்கு அங்க எலக்ட்ரிக்கல் கடை. ஃபேன், ஒயரு, சுவிட்சு, இப்ப கொஞ்ச வருஷமா சிசிடிவி மாட்டித் தர்றதும் உண்டு. சரக்கெல்லாம் மதுரையில இருந்துதான் வரும். மொத்தக் கடைக்காரர் ஒருத்தர், இருபது வருஷப் பழக்கம். கடைக்குப் போனா முதல்ல டீ, அப்புறம்தான் விலை. ரெண்டு வருஷம் முன்னாடி மாமாவுக்கு இணையத்துல வாங்கற ஆசையை மூட்டி விட்டது யாருன்னு கேக்கறீங்களா? ஹி ஹி, அடியேன்தான். "மாமா, இங்க பாருங்க, மதுரை விலையை விட கம்மி"ன்னு போன்ல காட்டினேன். இந்தப் பதிவு ஒரு வகையில பாவமன்னிப்பு.

முதல் தப்பு மாமாவோடது. ஒரு லேபிள் பிரிண்டர் வாங்கினார். விலை 6,000, வரி 18 சதவீதம், அதாவது 1,080. மொத்தம் 7,080. அத்தை சேலை வாங்கற அதே கணக்குல ஆர்டர் போட்டுட்டார். பில் அத்தை பேர்ல வந்துச்சு. மாச முடிவுல ஆடிட்டர் ஆபீஸ்ல பில்லைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. "கடை ஜிஎஸ்டி நம்பர் பில்லுல இல்லைண்ணே, இன்புட் எடுக்க முடியாது." 1,080 போச்சு. ஒரு கட்டம் நிரப்பாததுக்கு ஆயிரத்து எண்பது ரூபாய்.

இன்புட்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக (என்னை மாதிரி பொட்டி தட்டுற சக பதிவர்கள்தான் இங்க அதிகம்னு தெரியும்) மாமா கடைக் கணக்கை வெச்சே சொல்றேன். மாமா 10,000 ரூபாய் சரக்கை 1,800 வரி கட்டி வாங்கறார். அதை 12,000-க்கு விக்கறார், வாடிக்கையாளர்கிட்ட 2,160 வரி வாங்கறார். அரசாங்கத்துக்கு அந்த 2,160-ஐ அப்படியே கட்ட வேண்டாம். தான் ஏற்கெனவே கட்டின 1,800-ஐக் கழிச்சுட்டு 360 கட்டினாப் போதும். அந்த 360, அவர் கூட்டின 2,000 ரூபாய்க்கு உண்டான வரி. மதிப்புக் கூட்டின அளவுக்கு மட்டும் வரி, அதான் பேரே மதிப்புக் கூட்டு வரி. இன்புட் கிடைக்கலைன்னா? 2,000 லாபத்துல 1,800 காலி. மிச்சம் 200. அதுல கடை வாடகை, கரண்டு, பையன் சம்பளம்.

இந்த முறையை 1954-ல பிரான்சுல கொண்டுவந்தவர் மோரிஸ் லோரேன்னு ஒரு வரித்துறை அதிகாரி. கணக்கு அழகு என்னன்னா, வாங்கறவன் ஒவ்வொருத்தனும் தனக்குக் கழிவு வேணும்ங்கறதுக்காகவே பில் கேட்பான். விக்கறவன் பில் போட்டே ஆகணும். போலீஸ்காரன் வேண்டாம், வாங்கறவனே போலீஸ். நம்ம ஊருக்கு இது மெதுவாத்தான் வந்துச்சு. பெரும்பாலான மாநிலங்கள் 2005 ஏப்ரல்ல 'வாட்'டுக்கு மாறினப்ப, தமிழ்நாடு தள்ளி நின்னு 2007 ஜனவரி 1-லதான் மாறுச்சு. அப்ப நான் சின்னப் பையன். மாமா கடை போர்டுல 33-ல ஆரம்பிக்கற ஒரு நீள நம்பர் புதுசா எழுதினது மட்டும் ஞாபகம் இருக்கு. 33 தமிழ்நாட்டுக்கான எண். இப்ப இருக்கற 15 இலக்க ஜிஎஸ்டி நம்பரும் அதே 33-லதான் ஆரம்பிக்குது. அப்புறம் 10 எழுத்து பான் எண், கடைசியா ஒரு சரிபார்ப்பு எழுத்து. அந்தக் கடைசி எழுத்து முன்னாடி இருக்கற 14-லிருந்து கணக்குப் போட்டு வர்றது. கண்டபடி ஒரு நம்பரை அடிச்சா பெரும்பாலும் அங்கயே மாட்டிக்கும். கோடு எழுதறவன்ங்கற முறையில எனக்கு இந்த மொத்த விவகாரத்துல ரொம்பப் பிடிச்ச எழுத்து அதுதான் :-)

வாட் காலத்துல வெளிமாநிலத்துல இருந்து வாங்கறது தலைவலி. மத்திய விற்பனை வரின்னு ஒண்ணு. 'சி' படிவம் கொடுத்தா 2 சதவீதம், ஆனா அந்த 2 சதவீதத்தை இங்க கழிச்சுக்க முடியாது, செலவோட சேர்ந்துடும். படிவத்துக்கு வணிகவரி ஆபீசுக்கு நடக்கணும். படிவம் இல்லைன்னா அந்த மாநிலத்து முழு வரியும் நம்ம தலையில. அதனால ஏர்வாடிக் கடைக்காரருக்கு மதுரைதான் உலகத்தோட எல்லை. இணையச் சந்தைகள் வந்தப்ப இந்தச் சட்டங்கள் அதுக்குத் தயாராவே இல்லை. கிடங்கு ஒருத்தரோடது, சரக்கு இன்னொருத்தரோடது, வரி யார் கட்டறதுன்னு 2014-ல கர்நாடக வணிகவரித் துறைக்கும் அமேசானுக்கும் பெரிய தகராறே நடந்துச்சு.

2017 ஜூலை 1-ல ஜிஎஸ்டி வந்ததும் இந்த வேலி போச்சு. ஹரியானாவுல இருந்து வாங்கினாலும் ஐஜிஎஸ்டின்னு ஒரே வரி, அதை மாமா தமிழ்நாட்டு வரியிலயும் கழிச்சுக்கலாம். ஜிஎஸ்டியைத் திட்டறவங்க (நானும் இன்னும் பத்து வரியில திட்டப்போறேன்) இதை மறந்துடக் கூடாது. கடலோரத்துல ஒரு சின்ன ஊர்ல இருக்கற கடைக்காரர் இந்தியாவுல எங்க விலை கம்மியோ அங்க வாங்கலாம்ங்கறது சின்ன விஷயம் இல்லை.

நிற்க. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, எங்க தெருவுலயே பார்த்தேன். ஒரே பொருள், ஒரே இணைய விலை, ஆனா ஆளுக்கு ஆள் உண்மை விலை வேற. மாமாவுக்கு 11,800 ரூபாய்ப் பொருள் 10,000-தான், மிச்சம் கழிவா வந்துடும். தர்கா போற வழியில அத்தர், தொப்பி, ஃபேன்சி சாமான் விக்கற அக்கா கடை காம்பொசிஷன் திட்டத்துல இருக்கு. வருஷத்துக்கு ஒன்றரைக் கோடிக்குள்ள வியாபாரம் இருந்தா விற்பனையில 1 சதவீதம் கட்டினாப் போதும், கணக்கு சுலபம், ஆனா இன்புட் கிடையாது. அவங்களுக்கு 11,800-ன்னா 11,800-தான். அவங்க என்கிட்ட "தம்பி, நானும் ஜிஎஸ்டி நம்பர் போட்டு வாங்கினா கம்மியா வருமா"ன்னு கேட்டாங்க. நம்பர் போடலாம்க்கா, கணக்குக்கு நல்லது, காசு குறையாதுன்னேன். அப்ப எதுக்குடா இத்தனை வருஷம் படிச்சன்னு ஒரு பார்வை பார்த்தாங்க.

அடுத்தது லாட்ஜ் பாய். ஏர்வாடிக்கு வர்றவங்க பல பேர் தங்கிப் போறவங்க, அதனால லாட்ஜ்தான் ஊருக்கு முக்கியத் தொழில். ஆயிரம் ரூபாய் வரைக்கும் உள்ள ரூமுக்கு 2022 ஜூலை 17 வரை வரியே இல்லை. மறுநாள்ல இருந்து 12 சதவீதம் போட்டாங்க, ஆனா இன்புட் உண்டு. 2025 செப்டம்பர் 22-ல அதை 5 சதவீதமாக் குறைச்சாங்க. நாளுக்கு 7,500 ரூபாய் வரைக்கும் உள்ள ரூம் எல்லாத்துக்கும். பேப்பர்ல எல்லாம் கொட்டை எழுத்துல 'குறைப்பு'. உள்ள போய்ப் பார்த்தா, இன்புட் கிடையாது. தங்கறவருக்கு நல்லது, அதுல சந்தேகமே இல்லை. ஆனா பாய் புதுசா மெத்தை வாங்கினாலும் ஏசி வாங்கினாலும் அதுல இருக்கற வரி முழுக்க அவர் கைச்செலவு. பழையபடி 12 கட்டி இன்புட் எடுத்துக்கறேன்னு சொல்லவும் வழி கிடையாது. அவர் கேட்டது நியாயமான கேள்வி: "மாமாவுக்குத் திரும்ப வருது, எனக்கு ஏன் தம்பி வரமாட்டேங்குது? ரெண்டு பேரும் ஒரே தெருதானே?"

இந்த பாய்தான் மாமாகிட்ட லாட்ஜுக்கு சிசிடிவி கேட்டார். சந்தனக்கூட்டுக் கூட்டம் வர்றதுக்குள்ள மாட்டியாகணும். எட்டு கேமரா, ரெக்கார்டர், எல்லாம் சேர்த்து மதுரையில 42,000, வரி 7,560, மொத்தம் 49,560. இணையத்துல 40,000, வரி 7,200, மொத்தம் 47,200. வித்தியாசம் 2,360. மாமா இந்தத் தடவை உஷார். வியாபாரக் கணக்குன்னு தனியா ஆரம்பிச்சு, ஜிஎஸ்டி நம்பரை ரெண்டு தடவை சரிபார்த்து, எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, அப்புறம்தான் ஆர்டர் போட்டார். பில் பக்காவா வந்துச்சு. கடை பேரு, 33-ல ஆரம்பிக்கற நம்பர், ஐஜிஎஸ்டி 7,200. பாய்க்கு 44,000-க்கு வித்தார், 7,920 வரி வாங்கினார். லாபம் 4,000. கட்ட வேண்டியது 720. எல்லாம் சுபம்னுதான் நினைச்சோம்.

அடுத்த மாசம் 14-ம் தேதி '2பி' வந்துச்சு. இது வாங்கறவருக்கு அரசாங்கத் தளம் தயாரிச்சுத் தர்ற பட்டியல். யார் யார் உங்க நம்பருக்கு பில் போட்டு அவங்க கணக்குல ஏத்தியிருக்காங்களோ அது மட்டும் இதுல வரும். 2022 ஜனவரி 1-ல இருந்து சட்டம் என்னன்னா, இதுல வராத பில்லுக்கு இன்புட் கிடையாது. கையில பில் இருக்கா, சரக்கு வந்துச்சா, பணம் கொடுத்தாச்சாங்கறது மட்டும் போதாது. மதுரைக்காரர் பில் இருந்துச்சு. கேமரா பில் இல்லை.

சரி, அடுத்த மாசம் ஏறும்னு இருந்தோம். ஏறலை. விக்கறவரோட ஜிஎஸ்டி நம்பரைத் தளத்துல போட்டுப் பார்த்தேன். இது யார் வேணும்னாலும் பார்க்கலாம், லாகின் கூட வேண்டாம். எந்த மாசம் வரைக்கும் கணக்கு தாக்கல் செஞ்சிருக்கார்னு வரும். பார்த்தா, மாமா ஆர்டர் போட்ட அன்னிக்கே அந்த ஆள் ரெண்டு மாசக் கணக்கு பாக்கி. இப்ப பதிவே 'சஸ்பெண்ட்'னு காட்டுது. அந்தக் கடைக்கு 4.3 நட்சத்திரம்னு போட்டிருந்ததை நம்பி வாங்கினோம். டெலிவரி சீக்கிரம் வந்தா நட்சத்திரம், பெட்டி நசுங்காம இருந்தா நட்சத்திரம். வரி கட்டறாரான்னு ஒரு நட்சத்திரமும் கிடையாது.

கணக்கு இப்ப என்னாச்சு? மாமா 720 கட்ட வேண்டிய இடத்துல 7,920 முழுசா கட்டினார். 4,000 லாபம் 3,200 நஷ்டமா மாறிடுச்சு. ஏணி ஏறி மாட்டின கூலி தனி.

விக்கறவருக்கு மெசேஜ் போட்டோம், பதில் இல்லை. சந்தைக்காரங்க உதவி மையத்துல "உங்க பில் சரியாத்தான் இருக்கு சார்"ங்கறாங்க. ஆமா, சரியாத்தான் இருக்கு. அதான் பிரச்சினையே. இதுவே மதுரைக்காரரா இருந்தா மாமா ஒரு போன் போடுவார். "அண்ணே, நம்ம பில்லு ஏறலையே." "அடடா, பையன் விட்டுட்டான் போல, இந்தா ஏத்தச் சொல்றேன்." அவ்வளவுதான். அந்த 2,360 ரூபாய் வித்தியாசம் என்னன்னு இப்பதான் எங்களுக்குப் புரிஞ்சுது. அது போன் எடுக்கற ஆளுக்கான விலை.

அரசாங்கப் பக்கமும் நியாயம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. சரக்கே இல்லாம வெறும் பில் மட்டும் விக்கற கும்பல் இருக்கு. அந்தப் பில்லை வெச்சு இன்புட் எடுத்தா, யாரும் கட்டாத வரியை அரசாங்கம் கழிச்சுக் கொடுத்த மாதிரி ஆகும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பூட்டு. ஆனா மாமா விஷயத்துல சரக்கு கூரியர்ல வந்துச்சு, அதுக்கு ரெக்கார்டு இருக்கு. பணம் பேங்க் வழியாப் போச்சு, அதுக்கும் இருக்கு. நடுவுல ஒரு பெரிய கம்பெனி உட்கார்ந்து கமிஷன் வாங்கியிருக்கு, அதுக்கும் கணக்கு இருக்கு. கேமரா பாய் லாட்ஜ் வாசல்ல தொங்குது, போய்ப் பார்க்கலாம்.

நம்ம சென்னை உயர் நீதிமன்றம் இதைப் பத்திப் பேசியிருக்கு. வாட் காலத்துலயே, 2013-ல, ஸ்ரீ விநாயகா ஏஜென்சீஸ் வழக்குல, விக்கறவர் கட்டலைங்கறதுக்காக வாங்கினவரோட கழிவைத் திரும்ப வாங்கக் கூடாதுன்னு தீர்ப்பு. ஜிஎஸ்டி வந்தப்புறம் 2021 பிப்ரவரியில மதுரைக் கிளையில டி.ஒய். பீத்தல் எண்டர்பிரைசஸ் வழக்கு. ரப்பர் ஷீட் வியாபாரம். வாங்கினவங்க பேங்க் வழியா வரியோட பணம் கொடுத்துட்டாங்க, வித்தவங்க அரசாங்கத்துக்குக் கட்டலை. துறை வாங்கினவங்க மேல பாய்ஞ்சுது. நீதிமன்றம், வித்தவங்ககிட்ட ஏன் போகலை, அவங்களை ஏன் விசாரிக்கலைன்னு கேட்டு, உத்தரவை ரத்து பண்ணி மறுபடி விசாரிக்கச் சொல்லிடுச்சு. படிக்கும்போது கை தட்டணும்னு தோணுச்சு. ஆனா அது 2022-ல '2பி' பூட்டு சட்டத்துக்குள்ள வர்றதுக்கு முந்தின கதை. அதோட, 7,200 ரூபாய்க்காக ஏர்வாடியில இருந்து மதுரைக்கு வக்கீல் பார்க்கப் போனா பஸ் காசும் பீஸும் அதைத் தாண்டிடும்.

என்னோட கருத்து இதுதான். இணையச் சந்தைக்காரங்க ஏற்கெனவே விக்கறவர் பணத்துல கொஞ்சம் பிடிச்சு அரசாங்கத்துக்குக் கட்டறாங்க. 2018 அக்டோபர்ல 1 சதவீதமா ஆரம்பிச்சுது, 2024 ஜூலை 10-ல இருந்து அரை சதவீதம். மாமா வாங்கின 40,000-க்கு அது 200 ரூபாய். யோசிச்சுப் பாருங்க, 7,200 வரி உள்ள வியாபாரத்துல 200 ரூபாயைப் பிடிச்சுக் கட்டத் தெரிஞ்சிருக்கு, மாசாமாசம் விற்பனையாளர் வாரியா கணக்கு கொடுக்கத் தெரிஞ்சிருக்கு. மிச்சம் 7,000-க்கு மட்டும் மாமா பொறுப்பா?

அப்ப முழு வரியையும் சந்தைக்காரங்களே கட்டிடட்டுமேன்னு முதல்ல நினைச்சேன். சாப்பாட்டு ஆப்கள்ல அப்படித்தான், 2022 ஜனவரியில இருந்து ஓட்டலுக்குப் பதிலா ஆப் கம்பெனிதான் வரி கட்டுது. ஆபீஸ்ல நிதிப் பிரிவு நண்பன் ஒருத்தன்கிட்ட சொன்னப்ப சிரிச்சான். "ஓட்டலுக்கு இன்புட்டே கிடையாதுடா, அதனால ஒத்து வருது. கேமரா விக்கறவன் அவன் வாங்கும்போதே வரி கட்டியிருப்பான். விக்கும்போது முழு வரியும் வேற ஒருத்தர் பணமாக் கட்டிட்டா, அவன் இன்புட்டை எங்க போய்க் கழிப்பான்? அது அப்படியே தேங்கி நிக்கும். சின்ன விற்பனையாளர் மூச்சு முட்டிச் செத்துருவான்." சரிதான். என் அருமையான யோசனை அரை மணி நேரத்துல பணால்.

ஆனா இதை விடச் சின்னதா ஒண்ணு செய்யலாம், அதுக்குச் சட்டத்தைக் கூட மாத்த வேண்டாம். விக்கறவர் கணக்கு தாக்கல் செஞ்சிருக்காரா இல்லையாங்கறது பொதுத் தகவல். நானே பார்த்தேன், ஒரு நிமிஷம் ஆகலை. ஜிஎஸ்டி நம்பர் போட்டு வாங்கற வியாபாரிக்கு அந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்துலயே 'இவர் ரெண்டு மாசம் பாக்கி'ன்னு ஒரு வரி காட்டினா என்ன? ஒரு வாரத்து ஆணி அது. பாக்கி வெச்சிருக்கறவரோட பணத்துல வரித்தொகையை மட்டும், பில் '2பி'-ல ஏறற வரைக்கும் நிறுத்தி வெச்சா இன்னும் நல்லது. ஒழுங்காக் கட்டறவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை, பாக்கிக்காரர் ஓடி வந்து கணக்கு ஏத்துவார். பொருளைத் திருப்பி அனுப்பற நாள் முடியற வரைக்கும் பணத்தை நிறுத்தத் தெரிஞ்சவங்களுக்கு இது தெரியாதா? தெரியும். கேட்கறவன் ஏர்வாடியில இருக்கான், அதான்.

இடையில இன்னொரு கூத்து. நம்மாளுங்க சிலர் நண்பன் கடை ஜிஎஸ்டி நம்பரைப் போட்டு வீட்டுக்கு டிவி வாங்கி "18 பர்சென்ட் மிச்சம்"னு பெருமை அடிக்கறாங்க. சாமி, சொந்த உபயோகத்துக்கு வாங்கினதுக்கு இன்புட் எடுக்கறது சட்டத்துல கிடையாது. அந்த நண்பனுக்கு நோட்டீஸ் வந்தா அவன் வீட்டு டிவியில உங்களைத்தான் தேடுவான். இந்த மாதிரி ஆட்களைப் பிடிக்கத்தான் பூட்டு மேல பூட்டு போடறாங்க, மாட்டறது என் மாமா.

மாமா இப்ப இணையத்துல வாங்கறதை நிறுத்தலை, அதுதான் ஆச்சரியம். ஆர்டருக்கு முன்னாடி விக்கறவர் நம்பரைக் கேட்டு எனக்கு வாட்சப்ல அனுப்பறார், நான் தளத்துல பார்த்துட்டு 'ம்' போட்டாத்தான் வாங்கறார். பெரிய தொகைன்னா பழையபடி மதுரை பஸ்தான். அந்த கேமரா பில்லுக்கு நவம்பர் 30 வரைக்கும் டைம் இருக்கு. அதுக்குள்ள அந்த ஆள் கணக்கு ஏத்தினா இன்புட் எடுத்துக்கலாம், இல்லைன்னா மறந்துட வேண்டியதுதான்.

நேத்து 14-ம் தேதி. ராத்திரி பத்து மணிக்கு போன்.

"மாப்ள, வந்துச்சா?"

"இல்லை மாமா."

"சரி, சாப்டியா?"